கிருபையும் வரமும்: ஒரே வேரில் கிளைத்த இரண்டு சண்டைகள்

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பது அன்பளிப்புதான். ஆனால் பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறுகிறது. நாளை அவர் வீட்டு விசேஷம் வந்தால் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் நாம் செய்ய வேண்டும். குறைந்தால் பேச்சு வரும். அப்படியானால் மொய் என்பது பரிசா, கடனா? இரண்டும்தான் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். கிறிஸ்தவ இறையியலில் 1,600 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் பெரிய வழக்கும் ஏறக்குறைய இதுதான். கடவுள் கொடுக்கிறார், சரி. தகுதி பார்த்துக் கொடுக்கிறாரா? வாங்கியவர் திருப்பி ஏதாவது செய்ய வேண்டுமா? எனக்கு வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட முடியுமா?

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழக்கும் ஓடுகிறது. அந்நியபாஷை, தீர்க்கதரிசனம், சுகமளித்தல் போன்ற ஆவியின் வரங்கள் இன்றும் உண்டா, அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டனவா என்பது. நம் ஊர்ச் சபைகளில் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பேசுகிறார்கள். பவுல் எழுதிய கிரேக்கத்தில் அப்படிப் பிரிக்க வழியில்லை. கிருபைக்கு அவர் எழுதும் சொல் 'கரிஸ்'. வரத்துக்கு எழுதும் சொல் 'கரிஸ்மா'. கரிஸ் கைக்கு வந்து சேர்ந்தால் கரிஸ்மா, அவ்வளவுதான்.

தமிழில் இந்த உறவு பாதி மறைந்துபோனது. சீர்திருத்தச் சபையார் (புராட்டஸ்டன்ட்கள்) படிக்கும் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 12:4, "வரங்களில் வித்தியாசங்கள் உண்டு" என்கிறது. வரம் என்றதும் தவமிருந்து பெறும் வரம்தான் நமக்கு ஞாபகம் வரும், கிருபை வராது. ஆனால் அதே வேதாகமம் ரோமர் 6:23-இல் "பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ" என்று எழுதுகிறது. அங்கே மூலத்தில் இருப்பதும் கரிஸ்மாதான். 'கிருபைவரம்' என்று சேர்த்து எழுதியவர் யாராக இருந்தாலும் மூலத்தை நன்றாகக் காதில் வாங்கியவர். கத்தோலிக்கர் கையில் இருக்கும் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியம் அருள், அருள்கொடை என்ற சொற்களால் அந்த வேரை வெளியே தெரிய வைக்கிறது.

கொடை என்று வந்த பிறகு, பழைய உலகம் கொடையைப் பற்றி என்ன நினைத்தது என்று பார்க்காமல் மேலே போக முடியாது. பவுலின் சமகாலத்தவரான ரோமானிய அறிஞர் செனெகா கொடைகளைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, ஆள் அறிந்து கொடு, வாங்கியவன் நன்றி மறக்கக்கூடாது. நம்மிடமும் இந்தக் குரல் உண்டு. புறநானூறு 121-இல் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம், கொடுப்பது எளிது, "வரிசை அறிதலோ அரிதே" என்று சொல்லி, புலவர் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதே என்கிறார். தரம் பார்க்காமல் வாரி இறைப்பது அந்த உலகில் பெருமையில்லை, விவரமின்மை. இந்தப் பின்னணியில் ஒருவர் வந்து, கடவுள் அக்கிரமக்காரனுக்குக் கொடுக்கிறார், பகைவனாக இருந்தபோதே கொடுத்தார் என்று எழுதினால் கேட்டவர்கள் முகம் சுளித்திருப்பார்கள்.

டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜான் பார்க்லே 2015-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. கிருபையை 'முழுமையானது' என்று சொல்லும்போது ஆளுக்கு ஒரு பொருளில் சொல்கிறார்கள் என்பது அவர் வாதம். அளவில்லாதது என்று ஒருவர். நாம் அசைவதற்கு முன்பே வருவது என்று ஒருவர். தகுதி பார்க்காதது, தான் நினைத்ததை நடத்தியே தீருவது, எதையும் திரும்ப எதிர்பார்க்காதது என்று மற்றவர்கள். இப்படி ஆறு வகை சொல்கிறார். ஒன்றை ஏற்றுக்கொண்டால் மற்றதையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய சண்டைகளைப் படித்தால், 'கிருபையை மறுத்தவர்கள்' என்று பட்டம் கட்டப்பட்டவர்களில் யாரும் கிருபையை மறுக்கவில்லை என்பது தெரியவரும்.

பெலாகியுஸையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி. சொகுசாக வாழ்ந்துகொண்டு, 'நாம் பலவீனர்கள், என்ன செய்வது' என்று சாக்குச் சொன்ன ரோமானியக் கிறிஸ்தவர்களைப் பார்த்து அவருக்கு எரிச்சல். ஒருநாள் ஒரு ஆயர் அவர் முன்னால், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயரான அகுஸ்தீனாரின் ஜெபம் ஒன்றை எடுத்துச் சொன்னார்: நீர் கட்டளையிடுவதை எனக்குத் தாரும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும். பெலாகியுஸ் கொதித்துப்போனார். கட்டளையும் அவரே, நிறைவேற்றுவதும் அவரே என்றால் நான் எதற்கு? பவுலை எதிர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணமில்லை. மனிதனுக்கு நல்ல மனசாட்சியையும் சட்டத்தையும் கிறிஸ்துவின் முன்மாதிரியையும் கொடுத்ததே கிருபை என்றார். கொடுத்தாயிற்று, இனி நட என்பது அவர் கட்சி.

அகுஸ்தீனாரும் ஒரு காலத்தில் அதற்குப் பக்கத்தில்தான் நின்றார். 390-களின் நடுவில் ரோமர் நிருபத்துக்கு விளக்கம் எழுதியபோது, விசுவாசிப்பது நம் பங்கு, மீதி கடவுள் பங்கு என்றுதான் எழுதினார். ஓரிரு ஆண்டில் சிம்ப்ளிசியானுஸ் என்ற மூத்தவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அது தகர்ந்தது. "நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்ற 1 கொரிந்தியர் 4:7 அவரை விடவில்லை. விசுவாசமும் பெற்றுக்கொண்டதுதான் என்ற முடிவுக்கு வந்தார். கடைசிக் காலத்தில் தன் நூல்களையெல்லாம் எடுத்துத் திருத்தக் குறிப்பு எழுதியபோது, மனித சுயாதீனத்துக்காக எவ்வளவோ போராடினேன், கடவுளின் கிருபை ஜெயித்துவிட்டது என்று ஒத்துக்கொண்டார். எனக்கு அகுஸ்தீனாரிடம் பிடித்ததே இதுதான். மாறினேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்த பலர் மாறிவிட்டு, 'எப்போதும் இப்படித்தான் சொன்னோம்' என்றார்கள்.

410-இல் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடியது. பெலாகியுஸ் ஆப்பிரிக்கா வழியாகப் பாலஸ்தீனம் போனார். 415-இல் அங்கே கூடிய மன்றம் அவரிடம் குற்றமில்லை என்றது. 418-இல் கார்த்தேஜ் மன்றம் கண்டித்தது; முதலில் தயங்கிய போப் சோசிமுஸும் பிறகு கண்டித்தார். அதோடு முடியவில்லை. அகுஸ்தீனார் சொன்னபடி எல்லாமே கடவுள் செயல் என்றால் நாங்கள் ஏன் பாடுபட வேண்டும் என்று தெற்கு பிரான்சின் துறவிகள் கேட்டார்கள். 529-இல் ஓரஞ்சு மன்றம், தொடக்கமும் கிருபையே என்று அகுஸ்தீனார் பக்கம் சாய்ந்தது. ஆனால் கடவுள் சிலரைத் தீமைக்கென்றே முன்குறித்தார் என்பதை ஏற்க முடியாது என்றும் சொல்லிவைத்தது.

மனித சித்தத்துக்குச் சுயாதீனம் உண்டா என்று சீர்திருத்தவாதி லூத்தரும் அறிஞர் எராஸ்மஸும் மோதிய கதை பலருக்கும் தெரிந்தது. 1524, 1525 ஆண்டுகளில் நடந்த எழுத்துப்போர். அதைவிட ருசியானது அடுத்த நூற்றாண்டின் ஹாலந்து. டச்சு இறையியலாளர் அர்மீனியுஸ் 1609-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் வழியினர், கிருபையை மனிதன் எதிர்த்து நிற்க முடியும் என்பது உட்பட ஐந்து கூற்றுகளை முன்வைத்தார்கள். 1618, 1619-இல் டார்ட் நகரில் கூடிய மன்றம் அவற்றை மறுத்தது. சுமார் 200 போதகர்களுக்கு வேலை போனது. அவர்களை ஆதரித்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டை 71 வயதில், 1619 மே மாதம், தலையை வெட்டிக் கொன்றார்கள். சட்ட அறிஞர் க்ரோஷியஸ் சிறைக்குப் போய், 1621-இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். கிருபையைப் பற்றிய விவாதத்தில் இப்படியும் நடந்தது. அவற்றுக்கு டார்ட் தந்த பதிலே, சீர்திருத்தவாதி கால்வினின் பெயர் தாங்கிய கால்வினியத்தின் ஐந்து கொள்கைகள். அவற்றை இன்று 'டியூலிப்' என்று எழுத்துக் கூட்டிச் சொல்வார்கள். டச்சுக்காரர் பூ ஆயிற்றே என்று நினைக்க வேண்டாம். அது 20-ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலச் சொல்விளையாட்டு. டார்ட்டில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது தெரியாது.

நமக்கு இது புதுச் சண்டையும் இல்லை. தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்று வடகலையாரும் தென்கலையாரும் வாதிட்டதை அறிந்த ஊர் இது. ஆனால் அந்த உவமையை வைத்து மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைக் குரங்குக்குட்டிக் கட்சி என்று தள்ளிவிட முடியாது. 1739-இல் முன்குறித்தலை, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பதை எதிர்த்துப் பிரசங்கம் வெளியிட்டபோதும், முந்திக்கொண்டு வருவது கிருபைதான் என்பதில் வெஸ்லி உறுதியாக இருந்தார். அந்த முந்துகிருபை எல்லாருக்கும் கிடைக்கிறது, அதைத் தட்டிவிடவும் முடியும் என்பதே அவர் சேர்த்தது. நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு 1740 டிசம்பரில் காரமாகப் பதில் எழுதினார். பிரிந்தார்கள், பிறகு சமாதானமும் ஆனார்கள். 1770-இல் விட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

இனி வரங்கள்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிரேக்கப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம், கொரிந்தியரின் வரங்களைப் பற்றிய பகுதியை விளக்க வந்தபோது, இது மிகவும் மங்கலாக இருக்கிறது, அன்று நடந்தவை இன்று நடப்பதில்லை என்றார். அகுஸ்தீனாரும் முதலில் அந்நியபாஷை அந்தக் காலத்துக்கான அடையாளம் என்று பிரசங்கித்தார். இங்கேயும் அவர் நகர்ந்தார். 'கடவுளின் நகரம்' நூலின் 22-ஆம் பகுதியில், தன் ஊரான ஹிப்போவில் இரண்டு ஆண்டுக்குள் ஏறக்குறைய 70 அற்புதங்கள் எழுத்தில் பதிவாகியிருப்பதாகக் கணக்குக் கொடுக்கிறார். பாஷைகள் திரும்பி வந்தன என்று சொல்லவில்லை. அற்புதம் நின்றுவிடவில்லை என்று சொன்னார்.

வரங்கள் நின்றன என்பது ஒரு முழுக் கோட்பாடாக உறுதிப்பட்டது சீர்திருத்தச் சபைகளில். காரணம் பாதி இறையியல், பாதி தற்காப்பு. எங்கள் பக்கம் புனிதர்களின் அற்புதங்கள் உண்டு, உங்களிடம் என்ன இருக்கிறது என்று ரோமன் கத்தோலிக்கத் தரப்பு கேட்டது. நாங்கள் புதுச் சுவிசேஷம் கொண்டுவரவில்லை, பழையதற்கு அப்போஸ்தலர்கள் செய்த அற்புதங்களே முத்திரை, புது முத்திரை எதற்கு என்றார் கால்வின். பிரின்ஸ்டன் அறிஞர் வார்ஃபீல்டு 1918-இல் வெளியிட்ட நூலில் இதைக் கடைசிவரை கொண்டுபோனார். வரங்கள் அப்போஸ்தலரின் அத்தாட்சிப் பத்திரம். ஆள் போனபின் பத்திரத்துக்கு வேலையில்லை.

"நிறைவானது வரும்போது குறைவானது ஒழிந்துபோம்" என்ற 1 கொரிந்தியர் 13:10-ஐக் காட்டி, நிறைவானது என்பது எழுதி முடிந்த வேதாகமம் என்று நம் ஊரில் பலர் வாதிடுகிறார்கள். கால்வின் அந்த வசனத்தை அப்படிப் படிக்கவில்லை. அது கடைசி நாளைக் குறிக்கிறது, இடைக்காலத்தைப் பற்றியது என்று எடுப்பது அறிவீனம் என்று எழுதியிருக்கிறார். ஒரு மரபு தன் தலைவரைத் தாண்டிப் போய்விட்டதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது.

கிருபையில் கடவுளின் முழு உரிமையை அழுத்திச் சொன்ன கால்வின் அணியே வரங்களுக்குக் கதவை அடைத்தது. மனித விருப்பத்துக்கு இடம் விட்ட வெஸ்லி வழியிலிருந்துதான், அந்த வரங்களை இன்றும் நாடும் பெந்தெகொஸ்தே இயக்கம் பிறந்தது. கொடுப்பவர் தாம் நினைத்ததைக் கொடுப்பார் என்பவர்கள், இதை மட்டும் கொடுக்கமாட்டார் என்று எப்படிச் சொன்னார்கள்? வசனத்தைவிட வரலாற்றுப் பகை அதில் அதிகம் வேலை செய்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெந்தெகொஸ்தே வரலாறு பெரும்பாலும் 1906 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருவில், வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகரிடம் தொடங்குவதாக எழுதப்படுகிறது. அதற்கு 46 ஆண்டு முன்பே தென் தமிழ்நாட்டில் நடந்ததை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் திருநெல்வேலிப் பகுதியில் 1810-இல் பிறந்தவர். மிஷனரி ரேனியுஸ் ஐயரிடம் படித்தவர். பிரதரன் (சகோதரர் சபை) இயக்கத்தின் முன்னோடி அந்தோனி நோரிஸ் க்ரோவ்ஸோடு பழகி, மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். 1840-களின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்டியான்பேட்டையை உருவாக்கினார். 1860-இல் அங்கே எழுப்புதல் வந்தது. ஜனங்கள் நடுங்கினார்கள், மார்பில் அடித்துக்கொண்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், சிலர் அந்நியபாஷை பேசினார்கள் என்று அருளப்பனின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் சொல்கின்றன. மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் சந்தேகப்பட்டார்கள். பிரதரன் சபைகள் இன்று வரங்கள் நின்றுவிட்டன என்று போதிப்பதில் முன்வரிசையில் இருப்பவை. அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் தமிழ் முன்னோடியோ அருளப்பன்தான்.

சந்தேகப்பட்டவர்களுக்கும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்த எழுப்புதலின் அலை திருவிதாங்கூர் வரை போனது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் 1875-இல் யுயோமயம் என்ற தனிச் சபையைத் தொடங்கி, 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். 1881 வந்து போனது.

அசுசாவின் ஆட்களும் தங்கள் நம்பிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தாங்கள் பேசுவது உண்மையான வெளிநாட்டு மொழிகள், படிக்காமலேயே போய்ப் பிரசங்கிக்கலாம் என்று தொடக்கத்தில் நம்பினார்கள். தனக்கு வங்காளம் வந்துவிட்டதாக நம்பிய ஆல்ஃபிரட் கார் கல்கத்தாவுக்கே வந்துவிட்டார். ஒருவருக்கும் அவர் பேசியது புரியவில்லை. அப்புறம் பாஷை என்பது ஜெபத்துக்கும் துதிக்கும் உரியது என்று விளக்கம் மாறியது. நம்மிடம் உள்ள இரண்டு மொழிபெயர்ப்புகளில் ஒன்று 'அந்நியபாஷை' என்கிறது, மற்றது 'பரவசப்பேச்சு' என்கிறது. கார் கல்கத்தாவில் மாட்டிக்கொண்டது இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான்.

வரங்களுக்காகக் கூடியவர்கள் சீக்கிரமே கிருபைக்காகச் சண்டை போட்டார்கள். மனம்திரும்புதல் ஒன்று, முழுப் பரிசுத்தமாவது இரண்டு, ஆவியின் அபிஷேகம் மூன்று என்று சீமோர் வெஸ்லி வழியில் படி வைத்திருந்தார். சிகாகோவின் வில்லியம் டர்ஹாம், நடுப்படி வேண்டாம், சிலுவையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். 1911-இல் சீமோர் ஊரில் இல்லாதபோது டர்ஹாம் அசுசாவில் பிரசங்கித்தார். சீமோர் திரும்பி வந்து அவருக்குக் கதவைப் பூட்டினார். 1914-இல் உருவான அசெம்பிளீஸ் ஆஃப் காட் பெரும்பாலும் டர்ஹாமின் வழியில் போனது. சீமோரின் மூன்று படி இன்றைய தமிழ்ப் பெந்தெகொஸ்தே விசுவாசிகள் பலருக்குக் கேள்விப்படாத சங்கதி.

அதன்பின் கோடுகள் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகிவிட்டன. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சாப்பலின் மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ் பச்சைக் கால்வினியர். ஆனாலும் ஆவியின் அபிஷேகம் இரட்சிப்புக்குப் பிறகு தனியே வரும் அனுபவம் என்று போதித்தார். அமெரிக்க இறையியலாளர் வேன் க்ரூடம் தீர்க்கதரிசன வரம் இன்றும் உண்டு, ஆனால் அது வேதவாக்குக்குச் சமமல்ல, தவறவும் செய்யும் என்று ஒரு நடுவழி கண்டார். இதையெல்லாம் பொறுக்க முடியாத அமெரிக்கப் போதகர் ஜான் மக்கார்தர் 2013 அக்டோபரில் கலிபோர்னியாவில் ஒரு மாநாடே கூட்டி, இது அந்நிய அக்கினி, கடவுள் கட்டளையிடாத நெருப்பு என்றார். இரண்டு பக்கமும் டார்ட்டின் ஐந்து கொள்கைகளை ஏற்றவர்கள் இருந்தார்கள்.

கத்தோலிக்கரிடம் இதே விவாதம் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் நடந்தது. இத்தகைய கொடைகள் இக்காலத்தில் மிக அரிது என்று கர்தினால் ருஃபினி சொல்ல, 1963 அக்டோபரில் கர்தினால் சூனென்ஸ் எழுந்து, அவை திருச்சபையின் அன்றாட வாழ்வுக்கே உரியவை என்றார். சங்கம் சூனென்ஸ் பக்கம் வந்தது. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் டுக்கேன் பல்கலைக்கழக மாணவர்களின் தியானத்தில் கத்தோலிக்க கரிஸ்மாட்டிக் இயக்கம் பிறந்தபோது, அதற்கு இடம் தயாராக இருந்தது.

இப்போது தமிழ்ச் சபைகளில் சூடு பறப்பது 'ஹைப்பர் கிரேஸ்' உபதேசம். செய்த பாவம், செய்யப்போகும் பாவம் எல்லாம் மன்னிக்கப்பட்டாயிற்று, இனி அறிக்கையிடவும் வேண்டாம் என்பது அதன் ஒரு வடிவம். இதுவும் பழைய சரக்கே. லூத்தரின் சீடர் யோகான் அக்ரிகோலா, கிறிஸ்தவனுக்கு நியாயப்பிரமாணம் எதற்கு என்று கேட்டார். 1537 முதல் லூத்தரே அவரை எதிர்த்து வாதாடினார். எதையும் திரும்ப எதிர்பார்க்காத கொடை என்ற ஒரே அம்சத்தைப் பிடித்து இழுத்தால் இங்கே வந்து நிற்கும். பவுல் தகுதி பார்க்காத கொடை என்று சொன்னார். பதிலே வேண்டாத கொடை என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதை எதிர்த்து முழங்கும் சில மேடைகளிலேயே கூட்டம் முடியும் தறுவாயில், "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்று காணிக்கை உறை சுற்றி வரும். இவ்வளவு போட்டால் இவ்வளவு திரும்பும். பவுல் அந்த வசனத்தை எழுதியது எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது. இங்கே அது மொய் நோட்டாகிவிட்டது. எழுதிவைப்பவர் கடவுள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பழைய பகைகளில் சில ஆறியும் இருக்கின்றன. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும், கிருபையினாலேயே நீதிமானாக்கப்படுகிறோம் என்ற கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்ட்டுகளும் 2017-இல் கால்வின் வழிச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பும் சேர்ந்துகொண்டன. வெஸ்லி வழியும் கால்வின் வழியும் ரோமும் ஒரே தாளில் வந்தன. அறிக்கையை ஏற்காத லூத்தரன் சபைகளும் உண்டு.

ஆனால் ரோமுக்குள்ளேயே தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. 1588-இல் மொலினா என்ற இயேசு சபைத் துறவி, மனிதன் எப்படி இசைவான் என்பதை முன்கூட்டியே அறிந்து கடவுள் கிருபை தருகிறார் என்று எழுதினார். டொமினிக்கன் சபையின் பானியஸ், அப்படியென்றால் கடைசி வார்த்தை மனிதனுடையதாகிவிடும் என்றார். இவர் அவரை பெலாகியுஸ் என்றும், அவர் இவரை கால்வின் என்றும் திட்டிக்கொண்டார்கள். ரோமில் தனிக்குழு அமைத்து ஏறக்குறைய பத்து ஆண்டு விசாரித்தார்கள். 1607-இல் போப் ஐந்தாம் பவுல் விசாரணையை நிறுத்தினார். இரு தரப்பும் தத்தம் கருத்தைப் போதிக்கலாம், ஒருவரையொருவர் மதப்புரட்டர் என்று சொல்லக்கூடாது, தீர்ப்பு தக்க சமயத்தில் அறிவிக்கப்படும் என்றார். அந்தச் சமயம் இன்னும் வரவில்லை.